வாயும் காலும் நல்லா இருக்கணும்னு நான் சொன்ன பாவம்

இன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வெளிநாட்டுல இருந்து வந்திருந்த ஒரு கால்நடை டாக்டரை கார்ல கூட்டிட்டுப் போய், துறையூர் பக்கத்துல ஒரு ஊர்ல ஆடுகளைக் காட்டி, அவர் கையில இருக்கற ஆய்வு பாரத்துல ஒரு டிக் வாங்கிட்டு வரணும்.

ஒரு டிக். அவ்வளவுதான்!

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் ஸ்ரீரங்கத்துக்காரி. எங்க வீட்டுல வெங்காயமே விருந்தாளி மாதிரிதான் எப்பவாவது வந்துட்டுப் போகும். அப்படிப்பட்ட நான் வேலை பாக்கறது ஆட்டுக்கறி ஏற்றுமதி பண்ற கம்பெனியில. பேப்பர் வேலைதான். ஆட்டை நான் பாரத்துலயும் ஃபோட்டோலயும் பாத்ததோட சரி.

அம்மாகிட்ட ‘எக்ஸ்போர்ட் கம்பெனி’ன்னு சொல்லி வச்சிருக்கேன். என்ன எக்ஸ்போர்ட்னு அவ கேக்கலை, நான் சொல்லலை. திருச்சியில எக்ஸ்போர்ட்னா வாழைக்காய்தான்னு அவளே முடிவு பண்ணிட்டா. குடும்பம் ரெண்டு வருஷமா நிம்மதியா இருக்கு.

சரி, டிக்குக்கு வருவோம்.

கறி வாங்கற நாடு சும்மா வாங்கிடாது. ஆடு எந்தப் பக்கம் வளந்துச்சு, அந்தப் பக்கம் கோமாரி இருக்கான்னு துருவித் துருவிக் கேக்கும். கோமாரி வந்தா வாயில புண்ணு, குளம்புல புண்ணு, எச்சில் ஒழுகும், ஆடு நொண்டும், தீனி எடுக்காது. ஒரு ஆட்டுக்கு இருந்தாலும் அந்தச் சுத்துவட்டாரமே லிஸ்ட்லேர்ந்து அவுட்.

நாங்க எடுக்கப் போற ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சு, ரத்தப் பரிசோதனை முடிஞ்சாச்சு, எல்லாம் சுத்தமா வந்தாச்சு. டாக்டர் ஒரு தடவை நேர்ல வந்து பாத்து, ‘நோய் அறிகுறி இல்லை’ங்கற கட்டத்துல டிக் பண்ணணும். அது மட்டும்தான் பாக்கி.

அந்த டிக்குக்காக என்னைவிட அதிகமா காத்துக்கிட்டு இருந்தது செல்வராணி அக்கா. அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி. டிக் விழுந்தா குழுவோட ஆடுகளை எங்க கம்பெனி நேராவே எடுத்துக்கும். விழலைன்னா பழையபடி சந்தைக்கு ஓட்டிட்டுப் போகணும். அங்க புரோக்கர் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு ஒரு விலை சொல்லுவார், அதுக்குத் தலையாட்டிட்டு வரணும். “அந்தாளு துண்டைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது கண்ணு”ன்னு அக்கா சொல்லாத நாள் இல்ல.

இந்த இடத்துலதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. அது எப்பவாவதுதான் செய்யும், செஞ்சா இப்படித்தான் முடியும்.

போன வாரம் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். “அக்கா, டாக்டர் முக்கியமா வாயையும் காலையும்தான் பாப்பாரு. வாயும் காலும் நல்லா இருக்கணும். கோமாரின்னு ஒரு சந்தேகம் கூட வரக் கூடாது. கொஞ்சம் கவனிச்சுக்கங்க.”

அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. “நீ கவலைய விடு கண்ணு. நாங்க பாத்துக்கறோம்.”

நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டேன். “எல்லாம் பண்ணியாச்சு கண்ணு!”ன்னாங்க.

என்ன பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். “சூப்பர்க்கா!”ன்னு சொல்லி வச்சுட்டேன். படிச்ச பொண்ணு!

காலையில டாக்டர் ரஹீமை ஹோட்டல்ல ஏத்திக்கிட்டோம். ஒல்லியான மனுஷர், சிரிப்புன்னா என்னன்னே தெரியாத முகம். கார்ல ஏறறதுக்கு முன்னாடியே ஷூ அடியில மருந்து அடிச்சுக்கிட்டார். என் செருப்பைப் பாத்தார். அதுலயும் அடிச்சார். அவர் பேசினதெல்லாம் இங்கிலீஷ், உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

டிரைவர் அந்தோணி அண்ணன், பாலக்கரைக்காரர். வளைகுடாவுல பல வருஷம் வண்டி ஓட்டினவர், இங்கிலீஷ் சரளமா வரும். அவர்கிட்ட ஒரே ஒரு குறை. பொய் சொல்ல மாட்டார்.

டோல்கேட், மண்ணச்சநல்லூர் எல்லாம் தாண்டி ஊருக்குப் போய்ச் சேந்தோம். ஊர் எல்லையில ரோட்டுக்குக் குறுக்க ஒரு தோரணம்.

மாவிலைன்னு நினைச்சேன். கிட்டக்கப் போனா வேப்பிலை! அந்தக் கம்பத்துலேர்ந்து இந்தக் கம்பம் வரைக்கும் கொத்துக் கொத்தா வேப்பிலை.

டாக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். “திருவிழாவா?”

“ஆமா டாக்டர். உங்களை வரவேற்கறதுக்கு”ன்னேன். எனக்கு நிஜமாவே தெரியாது. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுலதான நம்ம திறமையே இருக்கு.

டாக்டர் என்னை விட்டுட்டு அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். “இந்த இலை எதுக்கு?”

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே பளிச்சுனு சொன்னார். “ஊர்ல மாட்டுக்கோ ஆட்டுக்கோ சீக்கு வந்தா கட்டுவாங்க சார். மத்தவங்க உள்ள வரக் கூடாதுன்னு.”

“அண்ணே!”

“கேட்டாரு, சொன்னேன்மா.”

டாக்டர் பையைத் திறந்து கையுறை, முகமூடி, காலுக்கு நீல உறை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மாட்டினார். எனக்கு ஒரு செட் குடுத்தார்.

குழுக் கொட்டகையில அக்காவும் பொம்பளைங்களும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வரிசையா நின்னாங்க. பக்கத்துல ஆடுங்களும் வரிசையா நின்னுச்சு.

ஐயோ, அந்த ஆடுங்க!

ஒவ்வொண்ணுக்கும் வாயைச் சுத்தி மஞ்சளும் பச்சையுமா ஒரு பூச்சு. வாயிலேர்ந்து எச்சில் கயிறு மாதிரி ஒழுகுது. நாலு காலுக்கும் பழைய சேலைத் துணியில கட்டு! கட்டுக்குள்ளேர்ந்து எண்ணெய் வடியுது. அந்தக் கட்டு பிடிக்காம ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கி உதறுது, இன்னொண்ணு மூணு காலால நொண்டுது, ஒரு கிடா உக்காந்தே போச்சு. முன்னாடி அகத்திக்கீரை குவிச்சு வச்சிருக்கு. ஒரு ஆடு கூட திரும்பிப் பாக்கலை.

எனக்குப் பாரம் மனப்பாடம். எச்சில் ஒழுகுதல். நொண்டுதல். தீனி எடுக்காமை. நானே டைப் பண்ணின வரிசையில, ஒண்ணு விடாம கண் முன்னாடி நடக்குது!

டாக்டர் பத்தடி தள்ளியே நின்னுட்டார். பேனாவை எடுத்துட்டார்.

“அக்கா, என்னக்கா இது?”

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நீதான கண்ணு சொன்ன, வாயும் காலும் நல்லா இருக்கணும்னு? மூணு நாளா பண்றோம். மிளகு, பூண்டு, வெந்தயம், வெல்லம் எல்லாம் அரைச்சு உருண்டை பிடிச்சு நாக்குல தடவியிருக்கு. காலுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும். வரவே கூடாதுன்னு ஊர் எல்லையில வேப்பிலையும் கட்டியாச்சு. கோமாரி வந்தா என்னென்ன பண்ணுவோமோ, அத்தனையும் முன்கூட்டியே பண்ணிட்டோம்னு ஐயாகிட்ட எடுத்துச் சொல்லு!”

இந்த நீளமான பேச்சுல டாக்டருக்குப் புரிஞ்சது ஒரே ஒரு வார்த்தை. பாரத்துல நோயோட தமிழ்ப் பேரையும் இங்கிலீஷ் எழுத்துல போட்டு வச்சிருந்தது நான்தானே.

“கோமாரி”ன்னார் டாக்டர், நிதானமா. எழுதவும் ஆரம்பிச்சார்.

“இல்ல டாக்டர்! இது நோய் இல்ல, நோய் வராம இருக்கறதுக்கு...”

“நோய் இல்லாத ஆட்டுக்கு யாராவது கட்டுப் போடுவாங்களா?”

நியாயமான கேள்வி.

“நான் அறிக்கை குடுத்தாகணும். இந்தச் சுத்துவட்டாரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி”ன்னார். நான் அதை அக்காவுக்குச் சொல்லலை. என் மூஞ்சியே சொல்லிடுச்சு போல. அக்காவோட சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு.

“எங்க ஆட்டுக்குச் சீக்குங்கறாரா?”

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சத்தியமா சொல்றேன், அந்த நிமிஷம் அழுகையே வந்துடுச்சு. எவ்வளவு ஆசையா பண்ணியிருக்காங்க! எல்லாத்தையும் கெடுத்தது என் ஒத்த மெசேஜ்.

அக்கா அழலை. புடவையைத் தூக்கிச் சொருகினாங்க. ஒரு ஆட்டை இழுத்தாங்க, குடத்துத் தண்ணியை அது வாய் மேல ஊத்தினாங்க, கட்டைப் பிச்சு எறிஞ்சாங்க. வாயைப் பிளந்து டாக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

“பாருங்கய்யா! நாக்கைப் பாருங்க! எங்க இருக்கு புண்ணு? குளம்பைப் பாருங்க! இவளை நான் புட்டிப்பால் குடுத்து வளத்தேன்யா. இவளுக்குச் சீக்குன்னா எனக்குத் தெரியாதா?”

இதை நான் மொழிபெயர்க்கவே வேண்டி வரலை. டாக்டர் கிட்டக்க வந்தார். டார்ச் அடிச்சு நாக்கைப் பாத்தார், ஈறைப் பாத்தார், குளம்பு இடுக்கைப் பாத்தார், காய்ச்சல் பாத்தார். பேனா மூடியை மாட்டினார்.

“சரி. எல்லாத்தையும் கழுவுங்க. ஒண்ணொண்ணா பாக்கறேன்.”

எல்லாத்தையுமா?

எல்லாத்தையும்தான். பட்டுப்புடவையெல்லாம் இடுப்புல ஏறுச்சு. அந்தோணி அண்ணன் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு தண்ணி இறைச்சார். என்னைப் பாத்து அக்கா, “நீ என்ன கண்ணு வேடிக்கை பாக்கற? அந்தக் கிடாவைப் பிடி!”ன்னாங்க.

கிடா! என் வாழ்க்கையில நான் தொட்ட முதல் ஆடு, ஊர்லயே பெரிய கிடா. அதோட வாடையைப் பத்தி என்கிட்ட யாரும் சொல்லி வைக்கலை. வாயைக் கழுவினா தலையாலேயே ஒரு முட்டு முட்டுச்சு. காலைக் கழுவினா உடம்பை ஒரு உலுக்கு உலுக்குச்சு. மஞ்சத் தண்ணி, வேப்பெண்ணெய், பூண்டு எல்லாம் என் தலையிலதான். “பெருமாளே”ன்னு கத்தினேன். அது பாவம், என் துப்பட்டாவை மென்னுச்சு.

“பசி வந்துடுச்சு பாரு அதுக்கு!”ன்னாங்க அக்கா.

நிஜம்தான். காரம் போச்சு, கட்டுப் போச்சு, எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பசி வந்துடுச்சு. கிடா என் கையை உதறிட்டு ஓட்டம் எடுத்துச்சு. அது பின்னாடி அத்தனை ஆடும்! ஒண்ணு கூட நொண்டலை. நேரா ஊர் எல்லைக்குப் போய், பின்னங்கால்ல எழும்பி நின்னு, தோரணத்தை இழுத்துப் போட்டு மேய ஆரம்பிச்சுடுச்சு. பத்து நிமிஷத்துல ஒரு வேப்பிலை மிச்சமில்ல, வெறும் கயிறுதான் தொங்குச்சு.

டாக்டர் ரஹீம் முகமூடியைக் கழட்டினார். உள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தார்!

அப்புறமும் அவர் விடலை. ஒண்ணொண்ணா பிடிச்சு வரச் சொல்லிப் பாத்தார். மத்தியானம் சாயற வரைக்கும் ஆச்சு. கடைசியில பாரத்தை வண்டி பானெட் மேல வச்சு, ‘நோய் அறிகுறி இல்லை’யில ஒரு டிக் போட்டார்.

அக்கா அந்த டிக்கை விரலால தொட்டுப் பாத்தாங்க. “இனிமே அந்தத் துண்டுக்குள்ள கையை விட வேண்டாம்ல கண்ணு?”

“வேண்டாம்க்கா.”

என் கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு அழுத்தி, இருந்த மிச்ச மஞ்சளையும் அப்பினாங்க. எனக்கு அப்ப கோவமே வரலை.

கார்ல வரும்போது பாரத்தைப் புரட்டிப் பாத்தேன். ‘இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டிய அபாயங்கள்’னு கடைசியில ஒரு கட்டம். டாக்டர் அழகா எழுதியிருந்தார்: “ஆய்வுக்கு முன்பு கம்பெனிப் பெண் ஊருக்குத் தகவல் அனுப்புவது.”

அந்தோணி அண்ணன் எட்டிப் பாத்துட்டு, “கரெக்டாதான்மா எழுதியிருக்காரு”ன்னார். அவர்தான் பொய் சொல்ல மாட்டாரே.

வீட்டு வாசல்ல கால் வைக்கறதுக்குள்ள அம்மா கையை நீட்டித் தடுத்துட்டா.

“அங்கேயே நில்லு. என்னடி இது கோலம்?”

“ஆபீஸ் வேலையா துறையூர் பக்கம் போயிருந்தேம்மா.”

அம்மா ஒரு தடவை மூச்சை இழுத்தா. இன்னொரு தடவை இழுத்தா.

“ஏண்டி, வாழைக்காய்க்கு இப்படி ஒரு நாத்தம் உண்டோ?”

ஒரு நாட்டுக்குள்ள ஆட்டுக்கறியை அனுப்பறதுக்கு அனுமதி வாங்கின நான், இதைக் கொல்லைப்புறத்துல உக்காந்துதான் டைப் பண்றேன். எங்க வீட்டுல ஆய்வு இன்னும் முடியலை.