இடுப்பளவு சேற்றில் ஒரு நேர்காணல்

எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்று ஆரணியில் ஒரு வதந்தி உலவியது. அதைக் கிளப்பியது நானில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. சேலை வாங்க வரும் வடநாட்டு வியாபாரிகளிடம், "குட் குவாலிட்டி சார், நோ கம்ப்ளெயின்ட் சார்!" என்று நான் அடித்துவிடுவதைக் கேட்டு எங்கள் தெருவே நம்பிவிட்டது. (என் வீட்டுக்காரர் மட்டும் நம்பவில்லை. கூடவே குடித்தனம் நடத்துகிறவர் இல்லையா!)

அப்போது நாங்கள் ஏழு பேர் சேர்ந்து நாகநதியில் திருட்டு மணல் அள்ளுவதைத் தடுக்கப் போராடிக்கொண்டிருந்தோம். தலைவர் ஏழுமலை அண்ணன், சந்தவாசல் பக்கத்து விவசாயி. ஆற்றோரம் இருந்த அவர் கிணறு வற்றியதும் முதல் மனு எழுதியவர். எங்களுக்கும் வலி இருந்தது. வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஆறு பள்ளமாக ஆக, எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பானது. மயில் கழுத்து நிறம் கேட்டால் குட்டைப் பாசி நிறம் வந்தது.

மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டும், தண்ணீரைச் சோதிக்க வேண்டும், எதற்கும் வசதியில்லை. ஆறு, காடுகளைக் காக்கப் போராடும் சின்னக் குழுக்களுக்கு நிதி தரும் அறக்கட்டளை ஒன்று பெங்களூரில் இருப்பது தெரிந்து விண்ணப்பித்தோம். நிஷா என்ற அதிகாரி நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. இங்கிலீஷில்.

"நம்ம கோமதி தங்கச்சி இருக்கசொல்ல இன்னா பயம்?" என்றார் ஏழுமலை அண்ணன்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், இன்டர்நெட்டில் ஆறுகளைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் சொற்பொழிவைப் பிடித்து இரண்டு வாரம் உருப்போட்டேன். அவர் வரும் நாளில், கல்யாண வீடுகளுக்கென்று வைத்திருந்த அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டேன்.

"ஆத்த காட்டப் போறியா, நிச்சயதார்த்தத்துக்குப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

நிஷா மேடம் சாதாரண பருத்திக் குர்தாவில் வந்து சிரித்தார். நான் அவரைப் பேசவே விடவில்லை. சுற்றுலா கைடு போலப் பின்னோக்கி நடந்தபடி, கையை வீசி ஆரம்பித்தேன்: "ரிவர்ஸ் ஆர் தி லைஃப்லைன்ஸ் ஆஃப் சிவிலைசேஷன்..." இரண்டாவது வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரி வரவில்லை. யோசித்தபடி இன்னும் ஓரடி பின்னால் வைத்தேன். அங்கே தரை இல்லை.

மணல் அள்ளிய பள்ளம். உள்ளே சேறு. இடுப்புவரை இறங்கிவிட்டேன்.

"ஐயோ! இன்னா மேடம் பாத்துகினு நிக்கிறீங்க? ஜல்தி கைய குடுங்க!"

அவர் மண்டியிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். "அசையாதீங்க, இன்னும் இறங்கிடும். நானும் வேலூருதாங்க. பேசிகினே இருங்க, பயம் தெரியாது."

(தமிழ்! அந்த இரண்டு வாரத்தை யார் திருப்பித் தருவது?)

கூட வந்திருந்த ஏழுமலை அண்ணன் தன் டிராக்டரில் இருந்த கயிற்றை எடுக்க ஓடினார்.

"இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சி?" என்று கேட்டார் நிஷா.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. லாரிகள் வருவது, கிணறுகள் வற்றியது, நூலில் நிறம் ஏறாதது எல்லாவற்றையும் கொட்டினேன். "லாரிக்காரங்க வீட்டு வாசல்ல வந்து, 'உனக்கு இன்னாத்துக்குமா ஆறு? ஒழுங்கா சேலை வித்துகினு இரு'ன்னு மெரட்டுனாங்க. ஆனா மறுநாளே இன்னொரு மனு குடுத்தோம்."

"உங்க குழுவுல எத்தனை பேரு?"

"நூத்துக்கணக்கான பேருன்னு விண்ணப்பத்துல எழுதினோம். பொய்ங்க. ஏழு பேருதான். அதுலயும் ஒருத்தர் என் வீட்டுக்காரர். வரலைன்னா சோறு கெடையாது, அதனால வர்றாரு."

கயிற்றோடு வந்து நின்ற ஏழுமலை அண்ணன் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்னை வெளியே இழுத்தபோது ஒரு செருப்பு ஆற்றுக்கே காணிக்கையாகிவிட்டது. எல்லாம் போச்சு என்று வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்காரர் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருஷ சாயத் தொழில்ல இந்த நெறம் நான் பாத்ததே இல்ல."

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நிதி உறுதி! 'மிரட்டலுக்குப் பிறகும் நிற்கும் ஏழு பேர், எங்களுக்கு நூறு பேருக்குச் சமம்' என்று நிஷா எழுதியிருந்தார். இந்த முறை தமிழில்.

வக்கீல் வைத்தோம். தண்ணீரைச் சோதித்த அறிக்கையோடு வழக்குப் போட்டோம். அலைந்து அலைந்து கடைசியில் தடை உத்தரவு வந்தது, லாரிகள் நின்றன. அடுத்த ஐப்பசி மழையில் நாகநதி இரு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. ஊரே திரண்டு வந்து பட்டாசு வெடித்தது. ஏழுமலை அண்ணன் துண்டைச் சுழற்றி ஆடினார். எட்டிப் பார்த்தால் அவர் கிணற்றில் தண்ணீர்! இப்போது எங்கள் குழுவில் நிஜமாகவே நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அறக்கட்டளையின் ஆண்டு மலரில் என் படம் வந்தது. இடுப்பளவு சேற்றில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். (கயிறு வருவதற்குள் நிஷா எப்போது எடுத்தாரோ!) கீழே, 'களத்தில் ஆழமாக இறங்கிப் பணியாற்றும் உறுப்பினர்' என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அதை பிரேம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். கடைக்கு வரும் சொந்தக்காரர்களில் யாராவது ஒரு விஷயத்தை மழுப்பினால் போதும், என் மகள் அந்தப் படத்தைக் கைகாட்டுவாள்:

"இவரையும் இடுப்பு வரைக்கும் எறக்குங்கப்பா, உண்மை தன்னால வரும்!"