கெட் கிராணியாரின் ஒரே வினைச்சொல்

ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான வினைச்சொற்கள் இருப்பது வெள்ளைக்காரனின் வீண்செலவு என்று நிரூபித்த ஒரே மனிதர் எங்கள் கெட் கிராணியார்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர் மரத்தடியில் ஆள்களின் வேலையைப் பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி. நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. மழை வந்தால் துரையிடம் "ரெயின் கெட்" என்பார். ரப்பர் பால் குறைந்தால் "மில்க் நோ கெட்." ஆள் காய்ச்சலில் படுத்தால் "ஃபீவர் கெட்." யானை வந்து கன்றுகளை மிதித்த அன்று, "எலிஃபண்ட் கெட், கெட், கெட்!" துரைக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். தாங்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டார்: "என்ன காணும், உமக்கு வேற சொல்லே தெரியாதோ?"

"ஒரே கத்தியில முந்நூறு மரத்துல பால் வெட்டுறாங்க. நான் மட்டும் மரத்துக்கொரு கத்தி வாங்கணுமாங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில், பால் வெட்டும் அஞ்சலைக்கு மூன்றாம் நாளாகப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போக துரையின் காரை விட்டால் வழியில்லை. ஆனால் ஞாயிறன்று பங்களாப் பக்கமே போகக்கூடாது. மற்ற நாளிலும் அந்தப் பாதையில் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மீறினால் வேலை போய்விடும்.

"நாளைக்கு மனு எழுதுவம்" என்றார் பெரிய கிராணியார்.

"அலமாக்! நாளைக்கு யாருக்குங்க மனு?" என்று கத்திவிட்டு, கெட் கிராணியார் சைக்கிளில் ஏறினார். என்ன ஆகுமோ என்ற பயத்தில் நான் பின்னால் ஓடினேன். மணியடித்துக்கொண்டே பங்களா வாசல்வரை மிதித்தார். துரை வெளியே வந்து, இறங்கச் சொல்லி உறுமினார். இவர் இறங்கவில்லை.

"சார்! அஞ்சலை பேபி நோ கெட். த்ரீ டே! கார் கெட், ஹாஸ்பிட்டல் கெட். மீ டிஸ்மிஸ்... டுமாரோ கெட்!"

துரை அவரை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு தாமே காரை எடுத்து லயத்துப் பக்கம் திருப்பினார்.

வேலை போயே போய்விட்டது என்று அன்றே பெட்டி கட்டி வைத்தார் கிராணியார். திங்களன்று துரை வழக்கம்போல அவரை வெளிக்காட்டு வேலைக்கே அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலை ரயிலில் வந்திறங்கினாள். "நீங்கதான் மொதல்ல தூக்கணும் கிராணியாரே" என்று பிள்ளையை நீட்டினாள். துரைக்கு அஞ்சாத மனிதர், பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் இரு உள்ளங்கையிலும் தட்டுப்போல ஏந்தினார். இத்தனை நாள் 'கெட்' என்று அந்த மனிதரைக் கேலி செய்தேனே என்று வெட்கமாக இருந்தது. பிள்ளை நழுவிவிடாமல் அவர் கைக்குக் கீழே என் கையையும் வைத்துக்கொண்டேன்.