சட்டை விரிந்த கதை

"பெரியவங்க ஆனதும் எல்லாம் தானாவே தெரிஞ்சிடுமா?"

சின்ன வயதில் அவன் அக்காவிடம் கேட்ட கேள்வி இது. அக்கா அப்போது தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஆமா, பல்லு முளைக்கிற மாதிரி" என்று சீப்பைக் கடித்தபடியே சொல்லிவிட்டாள். அவன் நம்பிவிட்டான். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிறகும் அந்த நம்பிக்கை குறையவில்லை. பதக்கத்தால் வந்த ஒரே மாற்றம், வீட்டில் எல்லாரும் அவனை 'மெடல்' என்று கூப்பிட ஆரம்பித்ததுதான்.

மெடலுக்கு மறுநாள் காலை ஒரு சோதனை காத்திருந்தது. ஒரு கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். முதல்வர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிச்சயம். பிடிக்காவிட்டால், வாடகைக்கு எடுத்த அறையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் அக்கா வீட்டு சோபாவில் படுக்க வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பின் தலைப்பு: 'வாழ்க்கைத் திறன்கள்.'

அவனிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதன் காலரில் அழுக்குக் கோடு.

அவன் புதிதாகக் குடிவந்த கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மிஷின் இருந்தது. அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. முன்னே போட்டவர் துணி துவைத்து முடிந்து உள்ளேயே கிடந்தால், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் பக்கத்திலிருக்கும் கூடையில் வைத்துவிட வேண்டும். யாரும் யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

மெடல் தன் சட்டையைப் போட்டான். ஒரு சட்டைக்கு எவ்வளவு பவுடர் என்று தெரியவில்லை. நல்லது எதற்கும் குறை வைக்கக் கூடாது என்று பாதி டப்பாவைக் கவிழ்த்தான். பிறகு மேலே போய், வகுப்பில் காட்டத் தயாரித்திருந்த 'தோற்றமே முதல் வெற்றி' என்ற பக்கத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மிஷின் காலி. கூடையில் ஈரமாக ஒரு வெள்ளைச் சட்டை. காலரில் கோடு இருந்த சுவடே இல்லை. யாரோ நல்ல மனிதர் எடுத்து வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு, சட்டையோடு அறைக்கு ஏறினான்.

போட்டுப் பார்த்தான். சட்டை முழங்காலைத் தொட்டது. கைவிரல்களைக் காணவில்லை. உள்ளே இன்னொரு மெடல் தாராளமாகக் குடியிருக்கலாம்.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, துவைச்சா சட்டை விரியுமா?"

"சுருங்கும்டா. வெந்நீர்ல போட்டா இன்னும் சுருங்கும். விரிஞ்சு நான் பார்த்ததில்ல. நீ ஒழுங்கா சாப்பிடறியா, இல்ல நீதான் சுருங்கிட்டியா?"

வெந்நீர் என்ற சொல் காதில் விழுந்ததுமே மெடல் போனை வைத்துவிட்டான். சூட்டுக்கும் சுருக்கத்துக்கும் உள்ள உறவு அவனுக்கு அத்துப்படி. இயற்பியல் தேர்வில் நூற்றுக்கு நூறு. அடுப்பை மூட்டி, தன்னிடம் இருந்த ஒரே பெரிய பாத்திரத்தில் சட்டையைக் கொதிக்க விட்டான். அவன் தினமும் தேநீர் கொதிக்க வைக்கும் பாத்திரம் அது. அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை.

சட்டை ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. நிறம் மட்டும் பால் கலந்த தேநீராகிவிட்டது.

மறுபடியும் அக்கா. நீலம் போட்டால் வெளுக்கும், ஒரு வாளித் தண்ணீருக்கு ரெண்டு சொட்டு போதும் என்றாள். மூலைக் கடையில் ஒரு புட்டி வாங்கிவந்த மெடல் கொஞ்சம் யோசித்தான். ரெண்டு சொட்டு என்பது சாதாரண அழுக்குக்கு. இதுவோ அவசரம். புட்டியைக் கவிழ்த்தான்.

பால்கனிக் கொடியில் அந்தச் சட்டை தொங்கியபோது, வானத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் காயப் போட்டது போல இருந்தது.

மேல்வீட்டில் ஒரு வயலின் வாத்தியார் குடியிருந்தார். ஆள் நல்ல ஆகிருதி. அவர் படியிறங்கினால் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். மாலையானால் பால்கனியில் நின்றுதான் பயிற்சி செய்வார். அன்றும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் சட்டென்று நிறுத்தினார். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் வாசித்தார். கலைஞர்களுக்கும் ஓய்வு வேண்டும்தானே என்று நினைத்துக்கொண்டான் மெடல்.

ஈரம் காயவில்லை. தேய்த்தால் காய்ந்துவிடும் என்று இஸ்திரிப் பெட்டியை முதுகுப் பக்கம் வைத்த நேரம் பார்த்து அக்காவே கூப்பிட்டாள்.

"என்னடா ஆச்சு, வெளுத்துச்சா?"

"வெளுக்கற வழியிலதான் இருக்குக்கா. நம்பிக்கையோட இருக்கேன். நாளைக்கு... அக்கா, கொஞ்சம் இரு, புகை வருது."

சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தை அச்சு அசலாகப் பதித்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சிரிக்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"மேல்வீட்டுல போய் ஒரு சட்டை இரவல் கேளுடா. கேக்கறதுக்குப் படிப்பு வேண்டாம்."

"என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். நாங்க நினைக்கலையா?"

நீலச் சட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மெடல் படியேறினான். பாதிப் படியில் நின்று, வழக்கமாகத் தேர்வுக்கு முன் சொல்லும் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டான். கடவுளின் கருணை எந்த உருவத்தில் வரும் என்று யார் சொல்ல முடியும்? அன்றைக்கு அது வாத்தியார் வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுடைய சட்டை. அவன் அளவில். மடிப்புக் கலையாமல், பளீரென்று.

அவன் வாயைத் திறக்கும் முன்பே வாத்தியார் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க தம்பி. மிஷினுக்குள்ள நுரை பொங்கிக் கிடந்தது உங்க சட்டைதானே? அவ்வளவு பவுடர் போடறவங்க இந்தக் கட்டடத்துல யாருமில்ல, புதுசா வந்தவர்தான்னு நினைச்சேன். அப்படியே விட்டா துணி பாழாயிடும்னு மேல கொண்டாந்து அலசி, ஃபேனுக்குக் கீழ காயவச்சு, தேய்ச்சு வச்சிருக்கேன்."

"சார்... கூடையில..."

"ஆமா, அதுல நான் உங்களுக்கு முன்னாடியே துவைச்ச என் சட்டை இருந்துச்சு. கை நிறைய நுரையா இருந்ததால அப்புறமா எடுத்துக்கலாம்னு விட்டுட்டுப் போனேன். அதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. போகட்டும். அவங்களுக்கு என்ன அவசரமோ. நீங்க போய் நிம்மதியா உங்க வேலையைப் பாருங்க."

மெடல் தன் சட்டையை வாங்கிக்கொண்டான். கும்பிட்டுவிட்டு இறங்கிவந்தான்.

மறுநாள் வகுப்பில் அவன் தயாரித்து வைத்திருந்த பக்கங்கள் ஒன்றையும் காட்டவில்லை. "ஒரு வெள்ளைச் சட்டையை வெள்ளையாவே துவைக்கத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க" என்றான். ஒரு கையும் எழவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் முதல் திறன் என்று ஆரம்பித்து, 'என் நண்பன் ஒருவன்' என்று சொல்லி எல்லாக் கதையையும் கொட்டினான். வகுப்பு குலுங்கியது. முடிந்ததும் முதல்வர் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, வேலை உறுதி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நீலம், ரெண்டு சொட்டுதானே சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

முதல் சம்பளத்தில் மெடல் சட்டைக் கடைக்குப் போனான். என்ன அளவு என்று கேட்ட கடைக்காரரிடம், "என்னை மாதிரி ரெண்டு பேர்" என்றான். வாங்கிய வெள்ளைச் சட்டையைப் புதுத்துணி வாசனை போகத் தன் கையாலேயே துவைத்தான். அளவாகப் பவுடர். பக்குவமான சூட்டில் இஸ்திரி. அக்காவின் போன் அடித்தபோது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் எடுத்தான். அவளிடம்கூட எதையும் சொல்லவில்லை.

விடியற்காலையில், படிக்கட்டில் ஆளரவமில்லாத நேரம் பார்த்து இறங்கி, கூடையில் அதை வைத்துவிட்டுப் பூனை போல மேலே வந்தான். ஒருவரும் பார்க்கவில்லை. மனசு பஞ்சாகிவிட்டது.

அன்று மாலை வாத்தியார் படியிறங்கி வந்தார். புதுச் சட்டை அவருக்குக் கச்சிதமாக இருந்தது. மெடல் ஒன்றும் அறியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

அவனைத் தாண்டி இரண்டு படி இறங்கிய வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அன்னிக்கு உங்க பால்கனியில காயறப்ப மேலேருந்து பார்த்தேனே, அந்த நீலம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."