எக்ஸ்டர்னல் சாரின் வெள்ளைப் பேன்ட்

ஐஸ் பெட்டியின் அடைப்பான் பிடுங்கிக்கொண்டது தற்செயல்தான். ஆனால் அதிலிருந்து பீய்ச்சியடித்த மீன் தண்ணீர், பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நிற்க, வெள்ளைப் பேன்ட் போட்டிருந்த ஒரே மனிதர் மேல்தான் போய் விழுந்தது.

"யோவ்! கண்ணு தெரியல உனக்கு?" என்று கத்தினார் அவர்.

கலியபெருமாள் மொபெட்டை நிறுத்தினார். விடியற்காலையில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, நன்னிலம் சுற்றுவட்டாரத் தெருக்களில் பதினெட்டு வருஷமாக மீன் விற்கிறவர். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"மீன் வண்டின்னு தெரியுதுல்ல? தள்ளி நிக்கணும். பெரிய கலெக்டர் மாதிரி வெள்ளையில வந்து நின்னா?"

அந்த மனிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கலியபெருமாளின் முகத்தை ஒரு தடவை, வண்டி நம்பரை ஒரு தடவை பார்த்தார். கைக்குட்டையால் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, எதிரே இருந்த மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். அட்டெண்டர் மீரா உசேன் அவருக்குக் கும்பிடு போட்டுக் கேட்டைத் திறந்துவிட்டதைப் பார்த்ததும் கலியபெருமாளுக்கு என்னவோ போலிருந்தது.

"மீரா உசேன், யாருப்பா அது?"

"பிசிக்ஸ் பிராக்டிகலுக்கு வந்திருக்கிற எக்ஸ்டர்னல்ணே. இராஜாங்கம் சார். வேற ஸ்கூல்லேருந்து வந்து நம்ம புள்ளைங்களுக்கு மார்க் போடுறவரு. ரொம்பக் கறார். இன்னிக்கு ஒரு பேட்ச், நாளைக்கு ஒரு பேட்ச்."

கலியபெருமாள் அவசரமாக அடைப்பானை அழுத்தி மூடினார். அவருடைய ஒரே மகள் பூமிகா இதே பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். துறைமுகத்தில் இரண்டு வருஷமாக எல்லோரும் அவரை 'இன்ஜினியர் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட வைத்தவரும் அவரேதான்.

மீனை விற்காமல் நேராக மதிவாணனின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். கவுன்சலிங் விண்ணப்பமெல்லாம் மதிவாணன்தான் போட்டுக் கொடுப்பான்.

"தம்பி, இந்த கட்ஆஃப்புங்கிறது என்ன? சுருக்கமா சொல்லு."

"கணக்குல வாங்குற நூறு அப்படியே. பிசிக்ஸைப் பாதியாக்கி அம்பது, கெமிஸ்ட்ரியைப் பாதியாக்கி அம்பது. மொத்தம் எரநூறு. அதை வச்சுத்தாண்ணே ரேங்க் போடுவாங்க, ரேங்கை வச்சுத்தான் சீட்டு."

"பிசிக்ஸ்ல எக்ஸ்டர்னல் கையில எவ்வளவு இருக்கு?"

"எழுத்துப் பரீட்சைக்கு எழுபது. ஸ்கூல்ல போடுற இன்டர்னல் பத்து. பிராக்டிகல் இருபது. அந்த இருபதுதான் அவரு கையில."

"கோவத்துல ரெண்டு மார்க்கைக் கொறைச்சுட்டாருன்னா?"

"கட்ஆஃப்ல ஒண்ணு கொறையும்."

"ஒண்ணுதானா!" கலியபெருமாளுக்கு மூச்சு வந்தது.

"என்னண்ணே சாதாரணமா ஒண்ணுதானாங்கிறீங்க? ஒரு மார்க்குல ரெண்டாயிரம் மூவாயிரம் பேரு முன்னாடி போயிடுவாங்க!"

வந்த மூச்சு போய்விட்டது. அவர் ஊரில் மொத்தமே மூவாயிரம் பேர் இல்லை. மொத்த ஊரும் எழுந்துபோய் மகளுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டது போலிருந்தது. எல்லாம் ஒரு ரப்பர் அடைப்பானால்.

வீட்டில் பூமிகா பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகங்களை அப்பா கையில் அவள் கொடுத்ததே இல்லை. "கை ஈரம்ப்பா, கவிச்சி ஒட்டிக்கும்" என்பாள். படிப்பின் மேல் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கு அதில் ஒரு பெருமை.

"பூமி, நீ இன்னிக்கு வீட்டுல இருக்கேன்னா நாளைக்கு பேட்ச்தானே? பிசிக்ஸ் பிராக்டிகல்?"

புத்தகம் அவள் கையிலிருந்து நழுவியது. "யா... யாருப்பா சொன்னது?"

நடந்ததைச் சொன்னார். அடுப்படியில் அவர் மனைவி பூவம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"அப்பா, நீங்க ஸ்கூல் பக்கமே வராதீங்கப்பா. சத்தியமா சொல்றேன், பிசிக்ஸால எனக்கு ஒரு மார்க்குகூட குறையாது."

"அதான் புள்ள சொல்லுதுல்ல, விடுங்களேன்" என்றாள் பூவம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை. கலியபெருமாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், எவ்வளவு பயந்துபோயிருக்கிறார்கள்! வாயால் கெடுத்தது அப்பன், சரிசெய்ய வேண்டியதும் அப்பன்தான் என்று முடிவு கட்டினார்.

பெட்டியில் இருந்ததிலேயே நல்ல வஞ்சிரமாக இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு மத்தியானம் பள்ளிக்குள் நுழைந்தார். மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்த நாளைத் தவிர அவர் இங்கே வந்ததே இல்லை. அன்றைக்கும் இறால் விலை மளமளவென்று ஏறியது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. மீரா உசேன் டீ வாங்கப் போயிருந்ததால் தடுக்க ஆளில்லை.

ஆய்வகத்தில் இராஜாங்கம் சார் ஒரு மாணவனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கலியபெருமாள் பையை மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

"காலையில நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க சார். கடல்லேருந்து நேரா வந்தது."

வஞ்சிரத்தின் தலை சாரையே பார்த்தது. சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குத் திருப்பனந்தாள், சைவ மடம் இருக்கிற ஊரு. எங்க வீட்டுல முட்டைகூட வாங்க மாட்டோம்."

அதற்குள் பையிலிருந்த தண்ணீர் மேசையில் ஓடி, அந்த மாணவன் எழுதியிருந்த தாளை நனைத்துவிட்டது.

"யாருங்க நீங்க? உங்க பிள்ளை பேரு என்ன?"

பெயரைச் சொல்ல கலியபெருமாளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே குறைத்துவிடுவார் என்று பயம். மீனை வாரிக்கொண்டு வெளியே ஓடினார்.

சாயங்காலம் மறுபடியும் கேட்டருகே வந்து நின்றார். இந்தத் தடவை சைவமாகவே ஒரு பொருள் வாங்கியிருந்தார், புது வெள்ளைப் பேன்ட். வேறு இடமில்லாததால் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேசையைக் கழுவி, அந்த மாணவனை மறுபடி எழுத வைத்து, சார் வெளியே வந்தபோது அவருடைய பஸ் போய்விட்டிருந்தது.

"சார், இது உங்களுக்குத்தான்."

சார் பேன்ட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு, அவரைப் போல இரண்டு பேர் நுழையலாம். ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆவும் சார். வாங்க, நானே பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன்."

சார் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு வண்டி எதுவும் வருவதாகத் தெரியவில்லை. கலியபெருமாள் ஐஸ் பெட்டிமேல் துண்டை விரித்தார், சார் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதிக்கு மேல் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மகளின் அருமை பெருமைகளைச் சாரிடம் சொல்ல வேண்டும் என்று கலியபெருமாள் பின்னால் திரும்பிய அந்த ஒரு நொடியில் வண்டி நெல்லில் ஏறி வழுக்கியது. சார் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஓடிவந்த நெல்லுக்காரர்கள் முதலில் நெல்லைப் பார்த்தார்கள், பிறகுதான் சாரைப் பார்த்தார்கள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சார் கேட்டார், "உங்க பிள்ளை எந்த பேட்ச்?"

"நாளைக்கு சார்."

"நாளைக்கா..." என்று சொல்லிவிட்டு அவர் நெல்மேலேயே சாய்ந்துகொண்டார்.

அந்த 'நாளைக்கா' கலியபெருமாளைக் கொன்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டே மதிவாணனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, இருபதும் போச்சுன்னா?"

"பாஸாகுறதே கஷ்டம்ணே. பாஸானாலும் கட்ஆஃப்ல பத்து போயிடும்."

"எத்தனை பேரு முன்னாடி போவாங்க?"

மதிவாணன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, கலியபெருமாள் துறைமுகத்துக்குப் போகவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் திரும்புவதற்குள், சொல்லாமல் கொள்ளாமல் பூமிகா பள்ளிக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். அப்பாமேல் அவ்வளவு கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவரும் பள்ளிக்குக் கிளம்பினார்.

ஆய்வக வாசலில் அவரைக் கண்டதும் முழங்காலில் கட்டுப்போட்டிருந்த இராஜாங்கம் சார் மேசைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வேண்டாம் ஐயா. எதுவும் வேண்டாம். கிட்ட வராதீங்க."

"வெறுங்கையோடதான் சார் வந்திருக்கேன்."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல கோவத்தை வச்சு ஒரு மார்க் குறைச்சதில்லை நான். பிள்ளை பேரைச் சொல்லுங்க. என்ன செய்யுதோ அதுக்குண்டான மார்க் நிச்சயம் கிடைக்கும். நீங்க தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க."

கலியபெருமாள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்த பெயரை மெதுவாகச் சொன்னார்.

"பூமிகா, சார். க. பூமிகா."

சார் பட்டியலில் விரலை ஓட்டினார். பிரதீபா வந்தாள், மணிமேகலை வந்தாள். விரல் கடைசி வரைக்கும் போய், மேலே ஏறி, மறுபடியும் இறங்கியது.

"இந்தப் பேர்ல யாருமே இல்லையே."

"நல்லா பாருங்க சார்..."

"ரெண்டு பேட்ச்சையும் பார்த்துட்டேன். இல்லை."

கலியபெருமாள் பட்டியலைத் தானே எட்டிப் பார்த்தார். மார்க் போகும் என்று பயந்தார், ரேங்க் போகும் என்று பயந்தார். பேரே போகும் என்று மதிவாணன்கூடச் சொல்லவில்லை.

"பேரையே எடுத்துட்டீங்களா சார்!" என்று அலறி, சாரின் காலில் விழுந்தார். "தப்பு செஞ்சவன் நான். என்னை அடிங்க. அது மீனைக்கூட தொடாத புள்ள சார். ரெண்டு வருஷமா புத்தகத்தை நெஞ்சோட வச்சுப் படிச்ச புள்ள!"

சார் முழங்கால் வலியோடு ஸ்டூல்மேல் ஏறினார். மாணவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எதிர் வராந்தாவில், பழுப்பு அட்டைப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு, பூமிகா அழுதபடி நின்றிருந்தாள்.

சத்தம் கேட்டு டீ கேனோடு ஓடிவந்த மீரா உசேன், கலியபெருமாளைத் தூக்கி நிறுத்தினான்.

"எந்திரிங்கண்ணே, காமர்ஸ் படிக்கிற புள்ளைக்கு ஏது பிசிக்ஸ் பிராக்டிகல்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, போன்ல இறாலு ஏலம் கேட்டுக்கிட்டே, எந்த குரூப்புன்னுகூடப் பார்க்காம, அட்மிஷன் பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போனதே நீங்கதானே!"