ஒரு தடையும் இல்லாமல் கொட்டாஞ்சேனை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. அம்மாவை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போக வேண்டும். தங்கச்சிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் வீடு அங்கே.

நாங்கள் பார்த்தது போன மாதம். தங்கச்சி பார்த்து வெகுகாலம்.

சிக்கல் அம்மாவின் ஜெபத்தில் இருந்தது. எதற்கு வெளிக்கிட்டாலும், "ஆண்டவரே, உமக்குச் சித்தமில்லாட்டி வழியில தடை வையும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். தடை வந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவார். பல்லி சொல்வதை நம்புவது அம்மாவுக்கு மூடநம்பிக்கை. பஸ் வராவிட்டால் அது ஆண்டவரின் குரல். முன்பு வந்த ஒரு சம்பந்தம் தெஹிவளைப் பாலத்து ட்ராபிக்கோடு முடிந்தது.

காலையில் தங்கச்சி என்னைக் குசினிக்குள், அடுப்பருகே இழுத்தாள்.

"அண்ணா, வழியில என்ன நடந்தாலும் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. உன்னைத்தான் நம்பியிருக்கிறன். வேற ஆளில்லை."

கீழே போய்க் காரை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தேன். பற்றரி செத்திருந்தது.

மேலே வந்து, கொட்டாஞ்சேனையில் கார் நிறுத்த இடமில்லை, த்ரீவீலில் போவோம் என்றேன். இப்போதாவது யோசிக்கப் பழகினேனே என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

பம்பலப்பிட்டியில் ஏதோ ஊர்வலம். பொலிஸ்காரர் கையைக் காட்டி எல்லோரையும் திருப்பினார். டிரைவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, கடற்கரைப் பக்கமாகப் போகச் சொன்னேன். அம்மாவுக்குக் கடல் பார்க்க ஆசையாம் என்றேன். அம்மா எங்கள் பால்கனியிலிருந்து தினமும் பார்ப்பது அதே கடல்தான். இன்றைக்கு என்ன புதிதாக என்று கேட்டார். இங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி என்றேன்.

கொள்ளுப்பிட்டியில் டயரில் காற்றுப் போனது.

எனக்குத் தாகம் என்று சொல்லி அம்மாவைத் தம்பிலிக்காரரிடம் கூட்டிப்போனேன். அம்மா ஓர் இளநீர் குடித்து முடித்தபோது டிரைவர் இன்னும் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். வழுக்கையைச் சுரண்டிக் கொடுக்கச் சொன்னேன். மூன்றாவதை வெட்டச் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

"டொக்டர் என்னைப் பற்றி உன்னட்ட ஏதும் சொன்னவரோ? மறைக்காமச் சொல்லு."

ஒன்றும் சொல்லவில்லை, பாசம்தான் என்றேன். அம்மா நம்பவில்லை. ஆனால் குடித்தார்.

கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைக் குழாய் போடக் கிண்டியிருந்தார்கள். வாசலிலேயே போய் இறங்குவது பெண் வீட்டாருக்கு மரியாதையில்லை, நடந்து போவோம் என்றேன். அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, குழிமேல் போட்டிருந்த பலகையில் அழகாக நடந்தார். எனது ஒரு கால் குழிக்குள் போனது. சத்தம் போடாமல் எடுத்தேன். இப்போது ஒரு சப்பாத்து கறுப்பு, மற்றது மண் நிறம்.

மாப்பிள்ளையின் தாயார் எங்களை இருத்திவிட்டு முதலில் கேட்டது ஒன்றுதான்.

"வாற வழியில தடை ஏதும் வந்ததோ அக்கா?"

அதைக் கேட்டதுமே அம்மாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"ஒண்டுமே இல்லை. ஆண்டவர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது."

அந்த அம்மாவின் முகம் விழுந்தது.

"ஆண்டவருடைய காரியமெண்டா சாத்தான் சும்மா விடமாட்டான் அக்கா. ஒண்டும் வரேல்லையெண்டா எனக்குப் பயமாக் கிடக்கு."

இது ஆண்டவர் பார்த்த சம்பந்தமென்றால் பெண் வீட்டார் தடைகளைத் தாண்டி வரட்டும் என்று அவர் விடியற்காலையிலேயே ஜெபித்திருக்கிறார். என் பற்றரிக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பேசாவிட்டால் இந்த அம்மா மாட்டேன் என்பார். பேசினால் என் அம்மா எழுந்து போவார்.

பேசினேன்.

பற்றரி என்றேன். அந்த அம்மா "ஸ்தோத்திரம்" என்றார். ஊர்வலம் என்றேன். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். டயருக்கு இரண்டு கைகளையும் உயர்த்தினார். குழிக்குச் சாட்சியாகச் சப்பாத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர மலர, என் அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்ப அந்தத் தம்பிலி?" என்றார் அம்மா.

"டயர் மாத்தி முடியுமட்டும் உங்களை இருத்தி வைக்க, அம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"தடை வந்தது உண்மைதான். ஆனா அது எனக்குத் தெரியவேண்டாமெண்டு ஆண்டவர் நினைச்சிருக்கிறார். இல்லாட்டி இவனுக்கு இவ்வளவு மூளை எங்கால வந்தது?"

இரண்டு பேரும் அதை அற்புதம் என்று ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

திரும்பும்போது காலிமுகத்திடலில் அம்மா கடலைப் பார்த்தார். பிறகு, பொய் சொல்வது பாவம் என்றார். ஓம் என்றேன்.

"ஆனா கலியாணம் முடியுமட்டும் நீயே எல்லாத்தையும் பாத்துக்கொள். எனக்கு ஒண்டும் சொல்லாத."

மண்டபம், சாப்பாடு, வாகனம் எல்லாம் இப்போது என் பொறுப்பு. மழை பெய்தால் அதுவும்.