பூட்டி வைத்த துணியும் புலிப் போர்வையும்

ஆடி வெள்ளி, கோவிலில் தீபாராதனை நேரம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அம்மனைக் கும்பிட்டேன். முதுகுப் பக்கம் சேலைச் சட்டையின் தையல் சர்ரென்று விட்டுப்போனது. கையை இறக்கவும் முடியாமல், தூக்கியபடி நிற்கவும் முடியாமல் நான் தவித்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து, தாலிக்கொடியில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றிக் கிழிசலைச் சேர்த்துக் குத்திவிட்டது. திரும்பினால் எங்கள் தெருக் கமலம் அக்கா. ஒன்றும் அறியாதவர் போலக் கண்ணை மூடி நின்றார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவ்வளவு நல்ல மனுஷி. ஆனால் அன்றைக்கு அவர் பையில் மடிப்புக் கலையாத புதுத் துணி மூன்று இருந்தது. அதில் ஒன்றை என் தோளில் போர்த்தியிருக்கலாமே என்கிறீர்களா? அதுதான் நடக்காது. அவர் 'இருக்கட்டும்' இனம்.

இந்த இனம் துணி வாங்கும், தடவும், மடிக்கும், பூட்டும். வெட்டாது. கண்டி டவுனில் லாபிர் நானாவின் கடைக்குள் "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நுழையும். துணியைக் கசக்கிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்கும், சாயம் போகுமா என்று மூன்று தரம் கேட்கும், கடைசியில் இரண்டு கஜம் வாங்கி, பையில் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அடியில் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறும். எதற்கு? எதற்காவது ஆகும்!

"இது புதுசா?" என்று கேட்பார் அவர் கணவர் மயில்வாகனம்.

"இது அப்பவே இருந்துச்சே."

பொய்யில்லை. அவர் கேட்கும் நேரத்துக்கு அது அலுமாரிக்குள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இதோடு தாம்பூலப் பைகளும் சேரும். கல்யாணம், காதுகுத்து, பூசை எதுவென்றாலும் வெற்றிலை பாக்கோடு ஒரு சட்டைத் துண்டு வைத்துக் கொடுக்கிறோமே, அது. கிளிப்பச்சை, தக்காளிச் சிவப்பு, கண்ணைக் குத்தும் ஊதா. அவை எந்தச் சேலைக்காகச் செய்யப்பட்டவை என்று அம்மனுக்குத்தான் தெரியும். யாரும் தைப்பதில்லை. அடுத்த விசேஷத்தில் அடுத்தவர் பைக்குள் போட்டுவிடுகிறோம். ஊரைச் சுற்றிக் களைத்த துண்டுகள் எல்லாம் கடைசியில் கமலம் அக்காவின் அலுமாரியில் வந்து இளைப்பாறின.

இப்படி இருக்கையில் மகள் தர்ஷிகாவுக்கு மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கே போன ஒரு வாரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, இங்க குளிர் தாங்க முடியல. அலுமாரி நெறைய துணி வச்சிருக்கீங்களே, ஒரு போர்வை தச்சுத் தாங்க. இல்லாட்டி சொல்லுங்க, பிலிமத்தலாவையில புலிப் படம் போட்ட போர்வை விக்கிறாங்க, அதை வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை வாறப்ப எனக்குப் பதில் வேணும்."

புலிப் படம்! இத்தனை துணிக்குச் சொந்தக்காரியின் பிள்ளை, காசு கொடுத்து வாங்கிய புலிக்கு அடியில் படுப்பதா? அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். எப்படித் தைக்க வேண்டும் என்று தர்ஷிகா போனில் அனுப்பிய மாதிரிப் படத்தைக் காட்டினார். பூ இல்லை, கொடி இல்லை. மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு, கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு என்று நீட்டு நீட்டாகப் பட்டைகள். இப்போது இதுதானாம் நாகரிகம்.

பிள்ளையாருக்கு விளக்கேற்றி, கத்தரிக்கோலுக்குச் சந்தனம் வைத்தோம். ஆயத்தம் எல்லாம் சரி. வெட்டத்தான் கை வரவில்லை.

"இது தர்ஷிகா பொறந்தப்ப வாங்கினது, இருக்கட்டும். இது நல்ல பருத்தி, இருக்கட்டும். இது இப்ப கெடைக்காது தங்கச்சி, இருக்கட்டும்."

"அப்ப எதைத்தான்க்கா வெட்டுறது?"

அக்காவின் கண் கொடியில் காய்ந்த மயில்வாகனத்தாரின் சாரத்தில் விழுந்தது. அடுத்த நிமிடம் அது எட்டுப் பட்டை.

"அடியேய், அது நல்ல சாரமாச்சே!" என்று ஓடி வந்தார் மயில்வாகனத்தார்.

"உங்களுக்குத்தான் இன்னொன்னு இருக்கே!"

அந்த இன்னொன்றை அவர் இடுப்பில் உடுத்தியிருந்தார். அதனால் தப்பியது.

பிறகு ஒரு ஆரஞ்சுத் துண்டை எடுத்து, கண்ணை மூடி, "முருகா" என்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். வந்தது பாருங்கள் ஒரு வேகம்! கிளிப்பச்சை பறந்தது, ஊதா பறந்தது, சிவப்பு என் தலையில் வந்து விழுந்தது. அக்கா சிரிக்கிறார், நான் சிரிக்கிறேன், தையல் மெசின் தடதடக்கிறது, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா போய்ச் சண்டைக்கு நிற்பதுபோல் நிற்கிறது. கத்தரிக்கோலோடு அக்காவின் பார்வை என் சேலைப் பக்கம் திரும்பியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

நடுவில் பழைய கம்பளி, அடியில் படுக்கை விரிப்பு வைத்துத் தைத்து, சனிக்கிழமை முற்றத்தில் விரித்தோம். வெயிலே கொஞ்சம் கூசியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். "இந்த ஆரஞ்சு நாங்க குடுத்ததாச்சே!" என்றார் நிரோஷாவின் அம்மா. "இல்ல, எங்க வீட்டுக் காதுகுத்துல குடுத்தது" என்றார் சுப்பம்மா. "அதை நான்தான் மொதல்ல வாங்கினேன்" என்றார் இன்னொருவர். மூவர் சொன்னதும் உண்மை.

ஞாயிறு தர்ஷிகா வந்தாள். "போர்வை எங்கம்மா?"

போர்வை அலுமாரியில் இருந்தது. பூச்சி உருண்டை போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார் அக்கா.

"இவ்வளவு அழகா வந்திருக்கு, இதைப் போய் யாராவது போத்துவாங்களா? ஒன் கல்யாணத்துக்குத் தாறேன். இருக்கட்டும்டி."

தர்ஷிகா சண்டை போடவில்லை. "சரிம்மா, புலியே வாங்கிக்கிறேன்" என்று பையைத் தூக்கினாள். கேட் வரை போனாள். அங்கே நின்று ஒரு தும்மல் தும்மினாள்.

சாவி இடுப்பை விட்டு வெளியே வந்தது.

ஆனால் கசங்காமல் எப்படிப் போர்த்துவது, எப்படி மடிப்பது என்று பிள்ளைக்குத் தெரியுமா? அதனால் அக்காவும் கூடவே புறப்பட்டுவிட்டார், போர்வைக்குத் துணையாக. மயில்வாகனத்தார் ஒற்றைச் சாரத்தோடு வீட்டுக்குக் காவல். குட்செட் பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போன என் கையில் வெற்றிலை பாக்கும், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சட்டைத் துண்டும் வைத்து, "தச்சுப் போட்டுக்கங்க தங்கச்சி" என்றார். அன்று ஊக்குக் குத்திய முதுகு அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரித்தது போதும். உங்கள் அலுமாரியில் மேல் தட்டு, வலது மூலை, பழைய சேலைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். என்ன, தட்டுப்படுகிறதா? அதை எப்போது வெட்டப் போகிறீர்கள்? பதில் உங்கள் வாய்க்கு வந்துவிட்டது, எனக்குக் கேட்கிறது. பஸ் நகர்ந்ததும் அக்காவும் ஜன்னலால் தலையை நீட்டி அதைத்தான் கத்தினார்:

"தங்கச்சி, நல்ல துணி! இப்ப வெட்டிறாதீங்க, இருக்கட்டும்!"