டாங்க்கு மேல ஒரு பைலட்டு

புயலுக்குள்ள பூந்து பாத்துட்டு வந்து சேதி சொன்ன ஆளு இந்தக் கள்ளக்குறிச்சி ஜில்லாவுலயே ஒருத்தருதான். அவரு ஏறிப் போனது பிளேனு இல்ல. எங்கூரு பஞ்சாயத்து தண்ணி டாங்க்கு.

எலவனாசூர்கோட்டைக்கு அந்தாண்ட எங்கூரு. மோட்டார் போட்டு ஊருக்கு தண்ணி தொறந்து வுடறதுதான் அவருக்கு வேல. எனக்கு மொறையில மாமன். பேரு இன்னான்னு கேட்டா அவரே கொஞ்சம் யோசிச்சிதான் சொல்லணும். ஊருக்கே அவரு பைலட்டு.

எல்லாம் அவரு பொண்ணு வாங்கிக் குடுத்த செல்லால வந்த வென. அதுல ஒரு படம். அமெரிக்காவுல புயல் வந்தா ஒரு பிளேனு ஒதுங்கிப் போவாம நேரா அதுக்குள்ளயே போவுது. உள்ள போயி வயித்துலேர்ந்து ஒரு குழாய கீழ வுடுது. அந்தக் குழா காத்து எவ்ளோ, ஈரம் எவ்ளோன்னு சேதி சொல்லிக்கினே போயி கடல்ல வுழுவுது. கல்யாண வூடு, எழவு வூடுன்னு பாக்காம அத எல்லாருக்கும் காட்டுவாரு.

"நம்ம பக்கம் புயலு வந்தா உள்ள போய் பாக்க யாரு கீறா, சொல்லு அஞ்சல?"

"ஏன், உன் மாமியாவ அனுப்பேன்."

அவரு சிரிக்கல. பொண்டாட்டி காசியம்மா ஒரு பழைய புயல்ல மண்செவுரு வுழுந்து செத்தவ. அதுலேர்ந்து அந்த மூஞ்சியில சிரிப்ப நான் பாத்ததில்ல.

அப்பால டிவியில காத்தழுத்தம்னு ஒரு வார்த்த வந்தா போதும், மனுசன் டாங்க்கு மேல. இடுப்புல மாட்டுக் கவுறு, கவுத்தோட இன்னொரு மொன கைப்புடி கம்பியில. தலையில யாரோ தூக்கிப் போட்ட ஹெல்மெட்டு. கூடவே ஒரு சாக்கு நெறைய தண்ணி பாட்டிலு. ஒவ்வொண்ணுலயும் ஒரு புடி மணலு. அதுங்கள ஒண்ணொண்ணா கீழ வுட்டு, எங்க போயி வுழுவுதுன்னு பாத்து காத்த அளப்பாரு. ஒரு நாளு நான் வாசல்ல அடுப்ப வெச்சி கொழம்பு கூட்டிக்கினு இருக்கசொல்ல சட்டிக்குள்ளயே ஒண்ணு வந்து வுழுந்துது.

"யோவ் மாமா, கொழம்புல போட்டுட்டியேய்யா."

மேலேர்ந்து கேக்கறாரு, "கெழக்கால சாஞ்சி வுழுந்துதா, மேக்காலயா?"

"முருங்கக்கா பக்கமா."

அதையும் நோட்டுல எழுதிக்கினாரு.

அவரு பேச்சக் கேட்டு ஊரே ஒரு வருசம் மல்லாட்டைய முன்னாடியே புடுங்கிட்டோம். உள்ள கடலையே புடிக்கல, உரிச்சா தோலுதான். மழ வந்துதான்னு கேளுங்க. மேக்கால கல்வராயன் மல மடிப்பு மடிப்பா தெரியற அளவுக்கு வெயிலு. மூணு தபா எங்கள மூட்ட முடிச்சோட இஸ்கோலுக்கு ஓட்டினாரு. மூணு தபாவும் தூத்தல் கூட இல்ல. நாலாந்தபா யாரு நம்புவா?

அந்த நாலாந்தபாதான் நெஜமா வந்துது. ரெண்டு வருசம் முன்னாடி, கார்த்திகையில.

"மாட்ட அவுத்து வுட்டுட்டு வா அஞ்சல," ன்னாரு.

"உன்ன நம்பி அவுத்து வுட்டு, அது எவன் கரும்புலயோ பூந்தா நீயா பேச்சு வாங்குவ?"

செனமாடு. செவலன்னு கூப்புடுவேன். கொட்டாவுல இறுக்கிக் கட்டிட்டு, அவரு தொல்ல தாங்காம ஊரோட நானும் இஸ்கோலுக்குப் போனேன்.

காலையில புடிச்ச காத்து, இஸ்கோலு செவுரே மூச்சு வுடற மாரி ஆடுது. மத்தியானம் சுவிட்ச்ச அணைச்ச மாரி நின்னு போச்சி. வெயிலு வந்துது. தெருவுல ஒரு எல ஆடல. ஜனம் எழுந்து புடவைய ஒதறிக்கினு கெளம்புது. எங்கியோ என் செவல கத்தறது கேக்குது.

போனா இஸ்கோலு கம்பி கேட்டுல பூட்டு. டாங்க்கு ஏணிக்கிப் போடற பெரிய பூட்டு. எதுருல பைலட்டு நிக்கறாரு.

"தொற மாமா. மாடு கத்துது."

"இன்னம் பாதி கீது அஞ்சல. இது நடு. படத்துல பாத்த இல்ல, நடுவுல இப்டிதான் வெயிலு அடிக்கும். சுத்தியும் செவுரு மாரி மேகம் நிக்கும்."

"சாவி எங்கய்யா?"

"டவுசர் பாக்கெட்டுல."

வேட்டிக்கு உள்ள போட்டிருக்கற டவுசரு. எளவட்டப் பசங்க நாலு பேரு முண்டிக்கினு வந்தானுங்க. ஒருத்தனும் அதுல கைய வுடத் துணியல. அது தொவச்சி எத்தினி நாளோ.

நான் வுடல. அவரு வம்சத்தையே வாயில போட்டு மென்னேன். கையில இருந்த சொம்பால மாருல நாலு போடு போட்டேன். வாங்கிக்கினு நின்னாரே தவிர நவுரல.

அர மணி நேரம் இருக்கும். காத்து திரும்பி வந்துது, இந்த வாட்டி எதுருப் பக்கத்துலேர்ந்து, மின்ன விட ஜாஸ்தி. கேட்டுக்கு அந்தாண்ட எந்தத் தெருவுல எறங்கி நடக்கத் துடிச்சமோ, அதுல கூர ஓடும் தகரமும் பறக்குது. செவல குரலு கொஞ்ச நேரம் கேட்டுது. அப்பால கேக்கல.

சாய்ங்காலம் அவரே டவுசருலேர்ந்து சாவிய எடுத்துத் தொறந்தாரு. ஊருல ஒரு உசுரு சேதம் இல்ல, என் செவலயத் தவுர. கொட்டா அப்டியே அதும்மேல படுத்துக் கெடக்குது. நான் கட்டின முடிச்சி மட்டும் அவுராம இருக்குது. அதுங் கழுத்தக் கட்டிக்கினு ஒப்பாரி வெச்சேன். அவரு பக்கத்துல வந்து குந்தினாரு.

"காசியம்மா போனதும் இந்த மாரி வெயில்லதான். காத்து நின்னுடிச்சி, போயி ஆட்ட இட்டாந்துடுன்னு நாந்தான் அனுப்பினேன். பாதிதான் முடிஞ்சிருக்குதுன்னு எனக்குச் சொல்ல ஆளு இல்ல."

மாட்டுக் கோவம், ஒரு ஆறு மாசம் அவரு மூஞ்சியிலயே முழிக்கல. அப்பறம் நானா போயி, "குழாயில தண்ணி வரல," ன்னு சண்ட இழுத்தேன். வந்துக்கினுதான் இருந்துது.

போன ஆடியில ஜுரம் வந்து போய்ட்டாரு. காத்தே இல்லாத ஒரு நாளு. பொண்ணு ஜாமானெல்லாம் அள்ளசொல்ல, "உனுக்கு எதுனா வேணுமா அத்த?" ன்னுச்சி. அந்தப் பூட்டக் கேட்டேன்.

இப்ப புயலுன்னு டிவியில சொன்னா மாட்ட அவுத்து வுடறேன். பேரப் புள்ளைங்கள உள்ள போட்டு அந்தப் பூட்டத்தான் மாட்டறேன். மழ வுட்டுடிச்சி, தொற ஆயான்னு கத்துதுங்க. கத்தட்டும். சாவிய எங்க வெச்சா ஒருத்தரும் கைய வுட மாட்டாங்கன்னு மாமன் எனக்குக் காட்டிட்டுதான் போயிருக்காரு.